நிதி சேகரிப்பாளர் தொழில்சார் சான்றிதழ்: விண்ணப்பத்துக்கு முன்பே நேரும் தவறுகள்

பொதுக்காரியத்துக்குப் பணம் சேர்ப்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய வேலையன்று. பொது நூலகத்துக்குக் கட்டடம் எழுப்புவதற்காகக் காணிவேல் நடத்திப் பணம் திரட்டிய ஊர் இது. கோயில் திருப்பணிக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் புலம்பெயர்ந்த உறவுகளிடம் கேட்பது இன்றும் தொடர்கிறது. ஆயினும் இதையே தொழிலாகக் கொண்டு சீ.எவ்.ஆர்.ஈ. (Certified Fund Raising Executive) என்னும் சர்வதேசச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முனைவோர் பலர், பரீட்சை மண்டபத்தை எட்டுமுன்பே தடுக்கிவிடுகின்றனர்.

முதற் தவறு, இதை ஒரு பாடநெறியின் முடிவில் கிடைக்கும் சான்றிதழாக எண்ணுவது. 1981 இல் அமெரிக்காவில் தொடங்கிய இத்தகுதியை இப்போது சீ.எவ்.ஆர்.ஈ. இன்டர்நஷனல் என்னும் தனி அமைப்பு வழங்குகிறது. அது வகுப்பில் இருந்ததை மட்டும் பார்ப்பதில்லை. கடந்த ஐந்து ஆண்டுகளில் விண்ணப்பதாரர் எதைக் கற்றார், எங்கே பணிபுரிந்தார், எதைச் சாதித்தார் என்று பார்க்கிறது. கல்விக்கு 80 புள்ளிகளும், தொழில் அனுபவத்துக்கு 36 புள்ளிகளும், செயற்பாட்டுக்கு 55 புள்ளிகளும் தேவை. இரண்டு நாள் பயிலரங்கொன்றின் சான்றிதழை இதற்கு ஈடாகக் கருதிச் சுயவிபரக் கோவையில் போட்டுக்கொள்வோரும் இருக்கிறார்கள். தெரிந்தவர் கண்ணில் பட்டால் அது மதிப்பைக் குறைக்கும்.

எமது பகுதியில் அதிகம் நிகழும் தவறு வேறு. பழைய மாணவர் சங்கத்தின் கௌரவ செயலாளராகப் பத்து ஆண்டுகள் உழைத்தவர், அந்த உழைப்பையே தொழில் அனுபவமாகக் காட்ட விரும்புவார். அனுபவப் புள்ளிகள் ஊதியம் பெறும் ஊழியராகவோ ஆலோசகராகவோ பணியாற்றிய மாதங்களுக்கே உரியவை. மாதத்துக்கு ஒரு புள்ளி என்று கணக்கிட்டால் 36 மாதங்கள். தொண்டு போற்றத்தக்கதுதான், ஆனால் இந்த வாசலை அது திறப்பதில்லை.

அடுத்தது ஆதாரம். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள் பொருளாளர் வீட்டு அலுமாரியில் கிடக்கும்; வெளிநாட்டிலிருந்து வந்த தொகை எவருடைய தனிப்பட்ட கணக்கினூடாக வந்தது என்பது நினைவில் மட்டும் இருக்கும்; நிர்வாகம் மாறியதும் அந்த நினைவும் போய்விடும். செயற்பாட்டுப் புள்ளிகள் திரட்டிய நிதிக்கும், தொடர்பாடல், முகாமைத்துவம் ஆகிய துறைகளில் முடித்த திட்டங்களுக்கும் கிடைக்கும். ஆகவே எந்த முயற்சியில் எவ்வளவு வந்தது, அதில் தமது பொறுப்பு என்ன என்பதை அந்த ஆண்டிலேயே எழுதி, மேலதிகாரியின் கையொப்பத்துடன் கோப்பில் வைப்பதே பாதுகாப்பானது. ஐந்து ஆண்டுகளை ஒரே வாரத்தில் நினைவுகூர முயல்வோரின் எண்கள் கணக்காய்வு அறிக்கையோடு பொருந்துவது அரிது.

பரீட்சையில் 200 பல்தேர்வு வினாக்களுக்கு நான்கு மணித்தியாலம் உண்டு. நன்கொடையாளரை ஆராய்வது தொடங்கி ஒழுக்கநெறி வரையான ஆறு பிரிவுகளிலிருந்து வினாக்கள் வரும். வரைவிலக்கணங்களை மனனம் செய்வதால் பயன் குறைவு. ஒரு சூழ்நிலையைத் தந்து முதலில் எதைச் செய்வீர் என்று கேட்பார்கள். ஊரில் பழகிய விடையை எழுதவே கை துடிக்கும்.

ஒழுக்கநெறியில் அந்தத் துடிப்பு தெளிவாகத் தெரியும். சேர்த்த தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று தரகுக்கூலி பெறுவதை இத்தொழிலின் நெறிமுறைகள் ஏற்பதில்லை. நூறு சீட்டு விற்றால் பத்துச் சீட்டின் காசு உமக்கு என்று பழகிய இடத்தில், இது விளங்காத கண்டிப்பாகத் தோன்றலாம். காரணம் எளிது: கூலி தொகையோடு கட்டப்பட்டால், கொடுப்பவரின் விருப்பத்தைவிடத் தம் பங்கே கேட்பவரின் கண்ணில் பெரிதாகும். கனடாவிலுள்ள ஒருவர் கிணறு வெட்ட அனுப்பிய பணத்தை, அவரைக் கேளாமல் மதில் கட்டச் செலவிடுவதும் இதே வகைப் பிழைதான், அந்த மதில் எவ்வளவு அவசியமானதாக இருந்தாலும்.

சித்தியடைந்தபின் கோப்பை மூடிவிடுவது கடைசித் தவறு. இச்சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். புதுப்பிக்கும்போது தொடர்ந்து கற்றதற்கும் பணிபுரிந்ததற்கும் மறுபடியும் புள்ளி காட்ட வேண்டியிருப்பதால், முடிவு வந்த வாரத்திலேயே புதிய கோப்பொன்றைத் தொடங்கிவிடுவது நல்லது.