தாளை மாற்றும்போது தேய்க்கும் திசையையும் மாற்றுங்கள்

அலுமினிய எஞ்சின் மூடியை முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றும்போது, 400, 800, 1200, 2000 என்று வாட்டர் பேப்பரின் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூட நைசாகும்) எண் ஏறும் ஒவ்வொரு முறையும், தேய்க்கும் திசையை முந்தையதற்குக் குறுக்காக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே திசையில் தேய்த்தால் 400-ஆம் எண் தாளின் ஆழமான கீறல்கள் புதிய மெல்லிய கீறல்களுக்கு இடையே ஒளிந்துகொண்டு, பஃப் சக்கரத்தில் (மெருகேற்றும் துணிச் சக்கரம்) பிடித்த பிறகுதான் கோடுகோடாகப் பல்லிளிக்கும். அதன்பின் மறுபடி முதல் தாளிலிருந்து தொடங்க வேண்டியதுதான். குறுக்காகத் தேய்க்கும்போதோ, பழைய கீறல் ஒன்று மிச்சமிருந்தாலும் சாய்வான வெளிச்சத்தில் அது தனித்துத் தெரிந்துவிடும் என்பதால், அது மறையும்வரை அடுத்த தாளுக்குப் போகாமல் இருக்கலாம். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைச் சேர்த்தால், அலுமினியத் துகள் தாளில் அடைத்துக்கொள்வதும் குறையும்.

மூடியின்மேல் லாக்கர் எனும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு இருந்தால், அதைப் பெயின்ட் ரிமூவரால் நீக்கிய பிறகே இம்முறை பயன்படும். குரோம் முலாம் பூசிய பாகங்களை வாட்டர் பேப்பரால் தொடவே கூடாது. கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் அடைப்பு) உட்காரும் விளிம்பைக் கையால் தேய்த்தால் சமதளம் கெட்டு எண்ணெய் கசியக்கூடும் என்பதால், அந்த ஓரத்தையும் விட்டுவிடுங்கள்.