களைத்த டி செல்களும் வீட்டில் நடக்கும் தவறுகளும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்ததும், உறவினர்கள் மஞ்சள் மாத்திரையும் மூலிகை டானிக்கும் வாங்கி வந்துவிடுகிறார்கள். அன்பினால்தான். ஆனால் ‘எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, கூட்டினால் போதும்’ என்ற கணக்கு தவறு.

நோயுற்ற செல்களைத் தேடி அழிக்கும் வெள்ளை அணுக்களான டி செல்கள் புற்றுநோயிடம் களைத்துப்போவது சத்துக் குறைவால் அல்ல. ஒரே எதிரியை மாதக்கணக்கில் ஓயாமல் எதிர்கொள்வதால். அப்போது அவற்றின் மேற்பரப்பில் பிடி-1 போன்ற தடுப்புப் புரதங்கள் நிலைத்துவிடுகின்றன. புற்றுச் செல்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு டி செல்லை அடக்குகின்றன. இம்யூனோதெரபி எனப்படும் சிகிச்சையில் தரப்படும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய மருந்துகள் அந்தப் பிடியை விடுவிக்கின்றன. 1992இல் பிடி-1ஐ அறிவித்த ஆய்வுக்குழுவின் தசுக்கு ஹொன்ஜோவும், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு தடையை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். டானிக்கால் இந்த வேலையைச் செய்ய முடியாது. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கிறது. இம்யூனோதெரபியும் சிலருக்குக் கல்லீரல் அழற்சி தரும். இரண்டும் சேர்ந்தால் எது காரணம் என்று மருத்துவர் திணறுவார். எதைச் சாப்பிட்டாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்து பலிக்காவிட்டால் நோயாளியின் மனவுறுதியைக் குறை சொல்வது கொடுமை. டிசிஎஃப்-1 என்ற புரதத்தை இழக்காத டி செல்களே மருந்துக்குப் பிறகு பெருகுகின்றன. முற்றிலும் களைத்தவற்றில் எந்த மரபணு இயங்கலாம், எது அடங்கவேண்டும் என்ற ஏற்பாடே மாறிவிடுகிறது. விரதத்தாலோ வைராக்கியத்தாலோ அதைத் திருப்ப முடியாது.

நான் மிகவும் அஞ்சுவது பக்கவிளைவுகளை அலட்சியம் செய்வதைத்தான். தடை நீங்கிய டி செல்கள் குடல், நுரையீரல், தைராய்டு, அரிதாக இதயத்தையும் தாக்கலாம். வயிற்றுப்போக்கு வந்தால் ஆடிக் கூழ் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம். தாகமும் அடிக்கடி சிறுநீரும் வந்தால், நம் குடும்பங்களில் சர்க்கரை புதிதல்லவே என்று விட்டுவிடுகிறோம். இந்த மருந்துகள் சிலருக்குத் திடீரென இன்சுலின் சுரப்பையே நிறுத்திவிடும். அது சில நாட்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது.

மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் ஆனபின்பும் இந்தப் பக்கவிளைவுகள் தோன்றலாம். அப்போது டி செல்களின் தாக்குதலை அடக்கத் தரப்படும் ஸ்டீராய்டைச் சிகிச்சை வீணாகிவிடும் என்று பயந்து பாதியில் விடாதீர்கள். அவசரப் பிரிவில் வெறுமனே ‘கீமோ’ என்று சொல்லாமல் மருந்தின் பெயரையும் கடைசியாக ஏற்றிய தேதியையும் சொல்லுங்கள். கீமோ நோயாளியின் வயிற்றுப்போக்குக்குச் செய்யும் வைத்தியம் இதற்குப் போதாது.