சஃப்ரான், குங்குமம், காவி: நிறப்பொருட் பெயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கறிக்கு மஞ்சள் நிறம் வர என்ன போடுகிறீர்கள் என்று மொரீசியசில் ஒரு தமிழ் வீட்டின் அடுக்களையில் கேட்டால், தீவின் பேச்சுமொழியான கிரியோலில் ‘சஃப்ரான்’ என்றுதான் விடை வரும். அதைக் கேட்டவர் பிரெஞ்சு அகராதியைத் திறந்து, குங்குமப்பூ என்று பொருள் எழுதிக்கொள்வதே இத்தீவுத் தமிழை எழுதுவோர் செய்யும் தவறுகளில் முதன்மையானது. இங்கே சஃப்ரான் என்பது மஞ்சள். பச்சை மஞ்சளுக்குக் கிரியோலில் ‘சஃப்ரான் வேர்’ என்று பெயர். அந்த ‘வேர்’ பச்சை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் கிரியோல் வடிவமேயன்றி நம்முடைய வேர் அன்று. கையில் இருப்பதும் மண்ணிலிருந்து தோண்டிய கிழங்காகவே இருப்பதால் தமிழ்க் காது ஏமாறுவதில் வியப்பில்லை.

வேந்தாய் என்னும் மொரீசிய மீன் உணவைச் செய்யும் முறையைத் தமிழில் பெயர்த்த ஒரு குறிப்பில் ‘இரண்டு தேக்கரண்டி குங்குமப்பூ’ என்று இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிராம் குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ 150 பூக்களின் சூல்முடிகளைக் கையால் பறிக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்திருந்தால், அந்த மீனின் விலை என்னவாகும் என்று எழுதியவருக்கே ஐயம் பிறந்திருக்கும். விலையை விட்டாலும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. குங்குமப்பூவின் நிறத்தைத் தரும் குரோசின் நீரில் கரைவது. ஆகவே அதை வெதுவெதுப்பான பாலில் ஊறவைக்கிறோம். மஞ்சளின் குர்க்குமின் நீரில் கரையாமல் எண்ணெயில் கரைவது. ஆகவே வேந்தாய்க்கும் அஷார் என்னும் ஊறுகாய்க்கும் மஞ்சளைச் சூடான எண்ணெயில் இடுகிறார்கள்.

இதை அறிந்தவுடன் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, கிரியோல்காரர்கள் சொல்லைத் தவறாக வழங்குகிறார்கள் என்று திருத்த முற்படுகிறார்கள். அதுவும் தவறே. பிரெஞ்சிலேயே மஞ்சளுக்கு ‘இந்தியச் சஃப்ரான்’ என்ற பெயர் உண்டு. தீவுகளில் அடைமொழி தேய்ந்து பெயர் மட்டும் நின்றது. அண்டைத் தீவான ரெயூனியனிலும் அப்படித்தான். அங்கே மஞ்சள் விளைச்சலுக்குப் பேர்பெற்ற பிளேன் தெ கிரேக் என்ற மலையூரில் வயலில் நிற்பதும் கிழங்குச் செடியே. அதுமட்டுமன்று, தாவரவியல் மஞ்சளுக்குச் சூட்டியிருக்கும் ‘குர்க்குமா’ என்ற பெயரும் ‘குர்க்கும்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அச்சொல் முன்பு குங்குமப்பூவையும் குறித்தது. அதன் எபிரேய உறவான ‘கர்கோம்’ இன்றும் குங்குமப்பூவையே குறிக்கிறது. விலையுயர்ந்த நிறப்பொருளின் பெயர் மலிவான நிறப்பொருளின் மேல் இறங்குவது கிரியோலில் தொடங்கிய பழக்கம் அன்று.

தமிழிலும் அதே கதை நடந்திருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. குங்குமம் என்னும் சொல்லுக்கு வடமொழியில் முதற்பொருள் குங்குமப்பூ. நெற்றியில் இடும் சிவப்புப் பொடியோ, மஞ்சளோடு வெண்காரம், எலுமிச்சைச் சாறு முதலியவற்றைச் சேர்த்துச் செய்யப்படுவது. பெயர் பூவுக்குரியது, பொருள் கிழங்குக்குரியது. எனவே குங்குமப்பூவைப் பொடித்துச் செய்வதே குங்குமம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பிழை. பழைய இலக்கியத்தில் மார்பிலும் தோளிலும் சந்தனத்தோடு பூசப்படும் குங்குமக் குழம்பைக் கண்டு, நெற்றிப் பொட்டுப் பொடியை நினைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய பிழை. அங்கே பேசப்படுவது நறுமணமுள்ள குங்குமப்பூக் குழம்பு. தமிழ் விவிலியத்தின் உன்னதப்பாட்டு 4ஆம் அதிகாரத்தில் நளதம் என்னும் நறுமணப் பொருளுக்கு அடுத்து வரும் குங்குமமும் அந்த ‘கர்கோம்’தான், அதை மொழிபெயர்த்தவர்கள் சொல்லின் பழம்பொருளை அறிந்தே எழுதினார்கள் என்பது என் கருத்து.

மஞ்சள் எப்படிச் சிவக்கும் என்று கேட்பவருக்கு விடை ஆரத்தித் தட்டிலேயே இருக்கிறது. மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலந்தவுடன் அது சிவப்பதற்குக் காரணம், காரப்பொருள் பட்டால் குர்க்குமின் நிறம் மாறுவதே. மஞ்சள் கறை படிந்த சட்டையில் சோப்பைத் தேய்த்ததும் கறை சிவந்து நம்மை அச்சுறுத்துவதும் இதனால்தான். அந்தச் சட்டையை வெயிலில் காயப்போட்டால் கறை மெல்ல வெளுக்கும். மஞ்சள் ஒளியைத் தாங்காத சாயம்.

இன்னொரு தவறு காவியைப் பற்றியது. துறவியின் ஆடையை ஆங்கிலமும் பிரெஞ்சும் குங்குமப்பூ நிறம் என்று வருணிப்பதைப் பார்த்து, தமிழிலும் அவ்வாறே எழுதுகிறார்கள். காவி என்பது இரும்புத் துரு கலந்த செம்மண். துறவுக்குரிய ஆடைக்கு ஏற்ற எளிய நிறப்பொருள் அது. அதன் மேல் உலகின் விலைமிக்க பூவின் பெயரை ஏற்றுவது நகைப்புக்குரியது. நம் மொழியில் அந்த ஆடைக்குத் துவராடை என்ற பழம்பெயரும் இருக்கிறது. துவர் என்ற சொல் நாக்கை இறுக்கும் சுவையையும் செந்நிறத்தையும் ஒருசேரக் குறிக்கும். வடமொழியிலும் கஷாயம் என்பது துவர்ப்புச் சுவையையும், பட்டைகளைக் காய்ச்சி இறக்கிய சாற்றையும், துறவாடையின் செம்பழுப்பு நிறத்தையும் சுட்டுகிறது. மரப்பட்டையைக் காய்ச்சினால் வரும் துவர்ப்புச் சாறே துணியில் செம்பழுப்பாய்ப் பற்றிக்கொள்ளும் என்பதைச் சாயத் தொழிலாளி அறிவார்.