ஹிஜ்ரி தேதியைச் சூரிய நாட்காட்டிக்கு மாற்றும் முறை

பழைய நூலிலோ ஆவணத்திலோ ஹிஜ்ரி ஆண்டு, அதாவது சந்திரனை அடிப்படையாகக் கொண்ட இஸ்லாமிய நாட்காட்டியின் ஆண்டு, மட்டும் இருந்தால், அதனுடன் 622-ஐக் கூட்டிக் கி.பி. ஆண்டைக் கண்டுவிடலாம் என்று பலர் கருதுகின்றனர். அப்படிக் கூட்டினால் ஹிஜ்ரி 1400-க்கு 2022 என விடை வரும். ஆனால் அந்த ஆண்டு பிறந்தது 1979 நவம்பரில். நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இப்பிழை வரலாற்றையே புரட்டிவிடும் என்பதால், கணக்கின் அடிப்படையை அறிந்துகொள்வது அவசியம்.

ஒரு பிறைச் சுழற்சிக்குச் சராசரியாக 29.53 நாட்கள் ஆகின்றன. எனவே ஹிஜ்ரி மாதத்திற்கு 29 அல்லது 30 நாட்களும், பன்னிரண்டு மாதங்கள் கொண்ட ஆண்டிற்கு 354 அல்லது 355 நாட்களும் அமைகின்றன. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கிரிகோரியன் (சூரிய) ஆண்டின் சராசரியோ 365.2425 நாட்கள். வேறு சில சந்திர நாட்காட்டிகள் இந்த ஏறத்தாழ 11 நாள் இடைவெளியை அவ்வப்போது கூடுதல் மாதம் ஒன்றைச் சேர்த்து நிரப்புகின்றன; இஸ்லாமிய நாட்காட்டியில் அதற்கு இடமில்லை. ஆகவே ரமலான் ஆண்டுதோறும் முன்னகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. 2030-இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக அது இருமுறை தொடங்கவிருப்பதும் இதனால்தான்.

மாற்றுவதற்கு, ஹிஜ்ரி ஆண்டை 0.970224-ஆல் பெருக்கி 621.5774-ஐக் கூட்ட வேண்டும். 1400-க்கு 1979.891 கிடைக்கும், இதன் பின்னப்பகுதியை 365-ஆல் பெருக்கினால் ஆண்டின் 325-ஆம் நாள், அதாவது நவம்பர் 21 வரும். ஹிஜ்ரி ஆண்டின் முதல் மாதமான முஹர்ரத்தின் முதல் பிறை அதையொட்டியே அமைந்தது. அதே ஆண்டின் ரமலான் 27 வேண்டுமெனில், முந்தைய எட்டு மாதங்களுக்கு 236 நாட்களும் மேலும் 26 நாட்களும் கூட்டுக; விடை 1980 ஆகஸ்ட் 9-ஐ ஒட்டி வரும். ஒரே ஹிஜ்ரி ஆண்டு இரண்டு கி.பி. ஆண்டுகளில் பரவிக் கிடப்பதை இங்கே காணலாம். மாதம் தெரியாதபோது 1979–80 என்று இரண்டையும் எழுதுவதே நேர்மையானது.

எதிர்த்திசையில் தோராய விடை போதுமென்றால், கி.பி. ஆண்டிலிருந்து 622-ஐக் கழித்து, மீதியை 33-ஆல் பெருக்கி 32-ஆல் வகுக்கலாம்.

நாளைத் துல்லியமாக நிறுவுவதே கடினமான பகுதி. பிறை கண்ணுக்குத் தென்படுவதைப் பொறுத்து மாதம் தொடங்குவதால் இடத்துக்கு இடம் ஒருநாள் மாறலாம். மேலும், இஸ்லாமிய நாள் நள்ளிரவில் அல்லாமல் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. ஆவணத்தில் கிழமை குறிக்கப்பட்டிருந்தால் அதையே உரைகல்லாகக் கொள்க: கணக்கில் வந்த தேதிக்கு முன்பின் நாட்களில் எது அக்கிழமையோடு பொருந்துகிறதோ அதுவே சரியான நாள், நிகழ்வு இரவில் நடந்திருந்தால், வெள்ளி இரவு என்பது நம் வழக்கப்படி வியாழன் இரவாகும்.