டயட் ஆப்: டயட்டீஷியன் பார்ப்பது ஒன்று, நாம் பார்ப்பது ஒன்று

டயட் ஆப்பைத் திறந்து காட்டினால், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்ற பதிவைத்தான் டயட்டீஷியன் முதலில் தேடுவார். முந்தாநாள் சாப்பிட்டது யாருக்கு நினைவிருக்கிறது? நாமோ மேலே பெரிதாகத் தெரியும் கலோரி இலக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

வயது, பாலினம், உயரம், எடை ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டுத்தான் ஆப் அந்த இலக்கைத் தருகிறது. பல ஆப்களில் இருப்பது 1990-இல் வெளியான மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரம். மோசமான சூத்திரம் இல்லை, ஆனால் அது சொல்வது சராசரி. உங்கள் உடல் அதைவிடச் சில நூறு கலோரி கூடவோ குறையவோ செலவழிக்கலாம். இதில் 'வாரம் ஒரு கிலோ குறைய வேண்டும்' என்று தேர்வு செய்தால், ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற பழைய கணக்குப்படி தினம் 1,100 கலோரியைக் கழிக்க வேண்டும். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. அதனால் எடை ஓரிடத்தில் நின்றதும், தன்மேல்தான் தப்பு என்று நினைத்து இன்னும் குறைத்துச் சாப்பிடாதீர்கள்.

பதிவிலும் ஓட்டை உண்டு. பயனர்களே சேர்த்த பட்டியல் என்றால் ஒரே உணவு பத்து விதமாக இருக்கும். கை குறைந்த கலோரி உள்ளதைத்தான் தேடிப் போகும். தானியம் வெந்ததும் தண்ணீரை உறிஞ்சி இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். வெந்ததை எடைபோட்டுவிட்டு வேகாததற்கான வரியைத் தேர்ந்தெடுத்தால் எல்லாமே குளறுபடி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது, பதிவில் முதலில் விட்டுப்போவதும் அதுதான். எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்றவர்களை 1992-இல் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். பலருக்குத் தெரியாமலே நடப்பது.

கையில் கட்டிய ஸ்மார்ட்வாட்ச் 400 கலோரி எரிந்ததாகக் காட்டினால் அதைச் சாப்பாட்டில் ஈடுகட்ட வேண்டாம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் சோதித்த 7 கருவிகளில் மிகச் சரியானதே சராசரியாக 27 சதவீதம் தவறியது.

இதுவரை சொன்னவை எடைக் கணக்கைத்தான் கெடுக்கும். நோயும் மாத்திரையும் உள்ளவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. சிறுநீரக நோயாளி பொட்டாசியத்தைக் கண்காணிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் உணவுக்குப் பொட்டாசிய அளவையே யாரும் பதிவேற்றாவிட்டால், பல ஆப்கள் அதைக் கூட்டலில் பூஜ்யமாகவே விட்டுவிடும். மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போடுபவருக்கு அதைக் கூட்டிக் காட்டும் ஒரு தவறான பதிவு போதும், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் ஆப்பின் பேச்சைக் கேட்டுத் திடீரெனக் கீரையைக் கூட்டினால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். இவர்கள் இலக்கை டாக்டரிடம் கேட்டுத் தாங்களே ஆப்பில் போட்டுக்கொள்வது நல்லது. உண்ணுதல் கோளாறு இருந்தவர்கள் கலோரி எண்ணும் ஆப்பை, சிகிச்சை தருபவரிடம் பேசாமல் தொடவே வேண்டாம்.

அப்புறம் இன்னொரு தவறு, ஒழுங்காகச் சாப்பிட்ட நாட்களை மட்டும் பதிவது. டயட்டீஷியனைப் பார்க்கப் போவதற்கு முன் மூன்று நாள் எழுதுங்கள், ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். நள்ளிரவில் கொறித்ததையும் சேர்த்து எழுதுங்கள். அவர் கேள்வி கேட்கத் தொடங்குவதே அந்த வரியிலிருந்தாக இருக்கலாம்.