வீட்டுத் தொலைபேசி இலவசம் என்றதும் நாம் செய்யும் தவறுகள்

இணையச் சேவை எடுத்தால் வீட்டுத் தொலைபேசி இலவசம் என்று முகவர் சொன்னதும், பழைய செம்புக் கம்பி இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒளியிழை (ஃபைபர்) இணைப்புக்கு மாறுகிறவர்கள் பலர். இரண்டும் ஒரே மாதிரி இயங்கும் என்று எண்ணிக்கொள்வதே இதில் ஆகப் பெரிய தவறு.

செம்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்ததால், வீடு இருண்டு கிடந்தாலும் மணி அடித்தது. ஒளியிழை வழியே மின்சாரம் வராது; இணையத்தையும் தொலைபேசியையும் இணைக்கும் மோடம் பெட்டி அணைந்தால் தொலைபேசியும் அணைந்துவிடும். பினாங்கு ஆயர் ஈத்தாமில் தனியாக வசிக்கும் என் தாயார், படுக்கப் போகுமுன் சாமி விளக்கைத் தவிர எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிடுவார். கோலாலம்பூரிலிருந்து இரவில் நான் அழைத்தபோதெல்லாம் இணைப்புக் கிடைக்காமல் பதறியிருக்கிறேன். மோடத்தின் சுவிட்சில் சிவப்பு நாடா ஒட்டி, 'அணைக்க வேண்டாம்' என்று எழுதி வைத்த பிறகே அது நின்றது. மின்தடையைச் சமாளிக்க, மோடம் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவுக்குப் பொருந்தும் சிறிய யூபிஎஸ் (மின்தடையின்போது மின்கலத்திலிருந்து மின்சாரம் தரும் கருவி) ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. தொலைபேசிக் கம்பியையும் சுவரிலுள்ள பழைய துளையில் விடாமல், மோடத்தின் பின்புறமுள்ள தொலைபேசித் துளையில் செருக வேண்டும்.

அடுத்தது, எந்த அழைப்பு இலவசம் என்று கேட்காமல் விடுவது. வீட்டு எண்களுக்கு மட்டும் இலவசம் என்றால், பிள்ளைகளின் கைப்பேசியையே அழைக்கும் முதியவருக்கு அதனால் பயன் குறைவு. கைப்பேசி அழைப்புக்கு நிமிடக் கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தம் 24 மாதமா, இடையில் நிறுத்தினால் அபராதம் எவ்வளவு, சொல்லும் விலையில் 6% சேவை வரி அடங்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பழைய எண்ணைத் தக்கவைக்க முடியுமா என்று உறுதி செய்யுமுன் இணைப்பை ரத்து செய்யாதீர்கள். கிளினிக், வங்கி, ஊரிலுள்ள உறவினர் என எல்லாரிடமும் இருப்பது 04 என்ற பினாங்கு வட்டார எண்ணில் தொடங்கும் அந்தப் பழைய எண்தான்.

வாட்ஸ்அப் இருக்கிறதே, வேறு தொலைபேசி எதற்கு என்பாரும் உண்டு. பேரப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேச அது போதும்; ஆனால் அதில் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்க முடியாது. ஆகவே, வீட்டுத் தொலைபேசியை விட்டுவிடுவதாக இருந்தால், பெரியவர்கள் சுலபமாக அழுத்தக்கூடிய பெரிய பொத்தான்கள் கொண்ட சாதாரணக் கைப்பேசி ஒன்றைச் சார்ஜ் போட்டு அவர்களின் படுக்கையருகே வைத்துவிட்டு, அதற்குப் பிறகு இணைப்பைத் துண்டியுங்கள்.