ஓடைப் பூச்சிகளின் மரபணு வரலாறு: பினாங்கில் ஆய்வு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு மலை ஓடையில் வாழும் மேஃபிளை என்ற நீர்ப்பூச்சி ஒன்றும், எதிர்க்கரையில் புக்கிட் மெர்தாஜாம் ஓடையில் வாழும் அதன் சொந்தமும் எப்போது பிரிந்தன? இறுதியாண்டு ஆய்வுக்கு அருமையான கேள்வி. ஆனால் வரைபடத்தைப் பார்த்ததும் "நடுவில் கடல் இருக்கிறது, அதுதான் பிரித்தது" என்று எழுதிவிடுகிறோமே, அதுதான் இதில் பெரிய தவறு.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் சுண்டாலாந்து என்ற ஒரே நிலப்பரப்பு. பினாங்கு அன்று தீவே அல்ல. கடல் ஏறி அதைத் தீவாக்கி ஏறக்குறைய 10,000 ஆண்டுகள்தான் ஆகின்றன.

சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். பூச்சிகளை ஒப்பிட வழக்கமாகப் படிக்கப்படுவது, செல்லின் உட்கருவில் இல்லாமல் மைட்டோகாண்டிரியாவில் இருக்கும் சிஓஐ மரபணு. அந்தத் துண்டின் நீளம் 658 டிஎன்ஏ எழுத்து. பிரிந்த இரு கிளைகளுக்கிடையே பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 2.3 விழுக்காடு வேறுபாடு சேரும் என்பது பூச்சி ஆய்வில் பலர் எடுத்துக்கொள்ளும் வேகம். அந்த வேகத்தில் 10,000 ஆண்டுகளில் ஓர் எழுத்து மாறுவதே அரிது. இரு கரைக்கும் 20 எழுத்து வித்தியாசம் வந்தால்? அது 3 விழுக்காடு. பத்து லட்சம் ஆண்டுக்கும் மேலான பிரிவு. இந்தக் கடல் வருவதற்கு வெகு காலம் முன்பே அவை பிரிந்துவிட்டன. குளிர்ந்த, வேகமான நீரில் மட்டும் பிழைக்கும் பூச்சிக்கு வெப்பமான சமவெளியே பெரிய தடை. இல்லையென்றால் அவை இரண்டு தனி இனங்களாகவே இருக்கலாம். வளர்ந்த ஆண் பூச்சிகளின் உடலமைப்பையும் ஒப்பிட்டுவிட்டுப் பேசுங்கள்.

வித்தியாசமே இல்லை என்றால் "இன்றும் கடல் தாண்டிப் பறக்கின்றன" என்று முடிவு கட்டுவதும் அவசரம். பிரிந்து அதிக காலம் ஆகாவிட்டாலும் அப்படித்தான் தெரியும். பன்டாலா ஃபிளாவெசென்ஸ் தட்டான் உண்மையிலேயே பெருங்கடல் தாண்டும். மேஃபிளைக்கோ இறக்கை முளைத்தபின் சில மணி நேரம் அல்லது சில நாள்தான் ஆயுள். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. அப்புறம், சிஓஐ தாய்வழியாக மட்டும் வருவது. பூச்சிகளுக்குள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியா பரவும்போது ஒரே தாய்வழி மரபணு வகையையும் கூடவே பரப்பி, கதையையே மாற்றிவிடும். உட்கரு மரபணுவையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம்.

பிடிக்கும்போதே கெட்டுப்போகும் ஆய்வுகளும் உண்டு. பினாங்கின் தண்ணீர்மலை ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால், தட்டையான மேஃபிளை இளம்பூச்சிகள் செவுள் துடிக்க அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கையோடு அத்தனையையும் குப்பியில் போட்டுக்கொள்ள ஆசை வரும். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வந்த உடன்பிறப்புகளாக அவை இருந்துவிட்டால், அந்த ஓடையின் மரபணு வளம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். கல்லுக்கு ஒன்று, ஓடை நெடுகச் சிதறலாக எடுங்கள்.

வன இலாகா அனுமதி முதலில். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம்; டிஎன்ஏவைச் சிதைக்கும். 95 விழுக்காட்டு எத்தனாலில் போட்டு, மறுநாள் புது எத்தனால் மாற்றுங்கள். பூச்சியின் உடல்நீர் அதை நீர்க்கச் செய்துவிடும். ஓடையின் பெயர், தேதி, ஜிபிஎஸ் புள்ளி எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். எந்த ஓடைப் பூச்சி என்று தெரியாத குப்பியை வைத்துக்கொண்டு இந்த ஆய்வில் ஒன்றும் செய்ய முடியாது.